விரல் குளிர்ந்திருந்தால் எண் மாறுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதிகாலையில் 91 காட்டுகிறது. அரை மணி நேரம் கழித்து அதே விரலில் 95 காட்டுகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: உங்கள் ஊரின் அதிகாலைக் குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கருவி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியில் பாயும் இரத்தம் அவற்றை எந்த அளவுக்கு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. குளிரில் விரலுக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டால், துடிப்பைச் சரியாகப் பிடிக்க முடியாமல் தவறான எண்ணைக் காட்டக்கூடும்.

ஆகவே, அம்மாவை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சோ கருப்பு மெஹந்தியோ இல்லாத விரலில் கருவியை மாட்டுங்கள். கை அசையக்கூடாது. மாட்டியவுடன் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல், அது ஏறி இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணிப் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லையென்றால், அந்த ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். (துடிப்பு எண்ணையே ஆக்சிஜன் அளவென்று எண்ணிப் பதறியவர்கள் உண்டு.)

சமவெளியில் 95 முதல் 100 வரை இயல்பு. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் உதகையில் ஓரிரு புள்ளிகள் குறைவது வியப்பில்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். எனவே அம்மாவுக்குரிய அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவிகளில் இரண்டு, மூன்று புள்ளிகள் முன்பின் இருக்கும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

விரலைச் சூடாக்கிய பின்னும் 92 அல்லது அதற்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால், கருவி 97 காட்டினாலும்கூட, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலைவாசிகளுக்கு இன்னொன்று: மூடிய அறையில் குளிர்காயக் கரியடுப்பு மூட்டினால் எழும் கார்பன் மோனாக்சைடு நச்சை, இந்தக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணி, இயல்பான அளவையே காட்டும்.