ரயில் ஓட்ட ஆசைப்படும் மகளும் பத்து லட்ச ரூபாய் சீட்டும்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வந்திருந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி, கணக்குப் பிரிவு, நடுத்தர மதிப்பெண். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமன், கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. மல்லிகை போட்டிருக்கும் முக்கால் ஏக்கரை விற்பதா, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையை அடகு வைப்பதா என்று இருவருக்கும் தூக்கமில்லை.

அவர்களிடம் நேரில் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதுகிறேன். மேலூரிலும் திருமங்கலத்திலும் பேரையூரிலும் இதே கவலையோடு இருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் நீங்கள் நேரே பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: நிலத்தை விற்காதீர்கள், நகையையும் அடகு வைக்காதீர்கள். அந்த சீட் உங்கள் மகள் கேட்டது இல்லை. அவள் மதிப்பெண்ணால் வந்ததும் இல்லை. பணத்தால் வாங்குவது. கவுன்சிலிங் வழியாகப் போனால் கிடைக்கும் கட்டணச் சலுகை எதுவும் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. வேலை கிடைக்கத் தாமதமானால், கடனை அடைப்பதற்காகவே அவள் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். உங்கள் தம்பி அக்கறையில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய்மாமன் பேச்சுக்கு நம் பக்கத்தில் என்ன மதிப்பு என்பதும் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் போன பாதை மட்டும்தான்.

மகளிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினேன். கோடிங் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. வீட்டில் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் யார் பார்ப்பது என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டார்ட்டரில் காயில் கருகியிருந்ததைத் தானே கண்டுபிடித்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அப்புறம் பேச்சு ரயிலுக்குப் போனது. மதுரை ஜங்ஷனில் நிற்கும் இன்ஜினைப் பார்த்தே இது டபிள்யூ.ஏ.பி.-7, இது டபிள்யூ.ஏ.ஜி.-9 என்று பிரித்துச் சொல்கிறாள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று பயணிகள் வண்டிக்கு, மற்றது சரக்குக்கு, கியர் விகிதம்தான் வேறு என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறாள். ரயில் ஓட்ட வேண்டும் என்பதை உங்களிடம் சொன்னாளா என்று கேட்டேன். "சிரிப்பாங்க" என்றாள்.

சிரிக்க இதில் ஒன்றுமே இல்லை. நர்சிங், பி.எட்., கலைக்கல்லூரி, நீட் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒரு வழியைச் சொல்கிறேன், முழுதாகக் கேளுங்கள்.

பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில் வந்துவிடும். "பன்னிரண்டாவது முடிச்சிட்டு பாலிடெக்னிக்கா, அது பத்தாவது படிச்சவங்க போறது" என்று உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மதுரையிலேயே தமிழ்நாடு பாலிடெக்னிக்கும் அரசு மகளிர் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். பஸ் பாஸ் இலவசம். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டத்தை 2024 கடைசியில் உங்கள் மகள் படித்தது போன்ற பள்ளிகளுக்கும் விரித்திருக்கிறார்கள். பலர் வீட்டில் இது இன்னும் தெரியவில்லை. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவளுக்குப் பொருத்தமான பிரிவு எலக்ட்ரிகல். டிப்ளமோ முடித்ததும் ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர் தேர்வை எழுதலாம். எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் டிப்ளமோக்களும் குறிப்பிட்ட ஐ.டி.ஐ. பிரிவுகளும் இதற்குச் செல்லும். 2024-இல் முதலில் 5,696 இடங்கள் என்று அறிவித்து, பிறகு 18,799 ஆக உயர்த்தினார்கள். 2025-இல் 9,970. நாடு முழுவதற்குமான எண்ணிக்கை இது, போட்டி கடுமைதான். வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருடமும் பட்டியல் இனத்தவருக்கு 5 வருடமும் கூடுதல். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். முதல் கட்டத் தேர்வை எழுதிவிட்டால் வங்கிக் கட்டணம் போக அதுவும் திரும்பி வந்துவிடும். ஆக, செலவுக் கணக்கைப் பொறுத்தவரை தாய்மாமனிடம் நீங்கள் தைரியமாகவே பேசலாம்.

தேர்வு எப்படி என்றால், முதல் கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 75 கேள்விகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும், கண்ணை மூடிக்கொண்டு குறிக்கக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் கணக்கு, நுண்ணறிவு, அடிப்படை அறிவியலும் பொறியியலும் ஒரு பகுதி, அவள் படித்த தொழிற்பிரிவு இன்னொரு பகுதி. தொழிற்பிரிவுப் பகுதியில் 35 சதவீதம் எடுத்தே ஆகவேண்டும். இவை இரண்டையும் தமிழிலேயே எழுதலாம். அதற்குப் பிறகு வருவதுதான் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம். கம்ப்யூட்டரில் நடக்கும் உளத்திறன் தேர்வு: எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறாள், நினைவில் வைக்கிறாள், கவனம் சிதறாமல் இருக்கிறாள் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் 42 மதிப்பெண் வேண்டும், ஒன்றில் தவறினாலும் போச்சு. இதன் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். அதனால் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்தே கேள்விகளை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். மதுரை கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டமும் நான் முதல்வன் திட்டமும் காசு வாங்காமல் பயிற்சி தருகின்றன. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க இடம் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று. மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அவளை அழைத்துப்போய் முழுக் கண் பரிசோதனை செய்யுங்கள். லோகோ பைலட்டுக்கு ஏ-1 மருத்துவத் தகுதி கேட்பார்கள்: கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் குறையில்லாமல். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் சேர்க்க மாட்டார்கள். "இப்போ கண்ணாடி போட்டுட்டு அப்புறம் லேசர் பண்ணிக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். எல்லாத் தேர்விலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்து அழும் பிள்ளைகள் உண்டு.

வேலை என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி, வண்டி ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ற படி. டியூட்டிக்கு அழைப்பு வந்தால் லாபிக்கு, அதாவது ஓட்டுநர்கள் வருகை பதியும் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும், மது சோதனைக் கருவியில் ஊத வேண்டும், வழியில் எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு இன்ஜினைச் சுற்றிப் பரிசோதனை. ஓடும்போது ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் அசிஸ்டென்ட் கைகாட்டி உரக்கச் சொல்வார், லோகோ பைலட் திருப்பிச் சொல்வார். நடுவழியில் இன்ஜினில் கோளாறு என்றால் கண்டுபிடித்துச் சரிசெய்ய உதவுவதும் அசிஸ்டென்ட் வேலைதான். ஸ்டார்ட்டர் காயிலைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு அது தண்டனையாக இருக்காது என்று நம்புகிறேன். பதவி உயர்ந்தால் முதலில் சரக்கு வண்டி, பிறகு பாசஞ்சர், கடைசியில் மெயில்–எக்ஸ்பிரஸ்.

கஷ்டத்தையும் மறைக்கப் போவதில்லை. ராத்திரி டியூட்டி உண்டு, பண்டிகை நாளிலும் உண்டு. வெளியூரில் ரன்னிங் ரூம் என்ற ஊழியர் ஓய்வறையில் தங்கித்தான் திரும்ப வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் கழிப்பறை இல்லை. பெண் லோகோ பைலட்டுகள் நீண்ட நாளாகச் சொல்லிவரும் குறை இது, நியாயமான குறை. இதற்குத் தீர்வு காண வேண்டியது ரயில்வே. அதைக் காரணம் காட்டிப் பெண்களை வீட்டில் உட்காரச் சொல்வது தீர்வாகாது. இந்தக் கஷ்டங்களை அவளிடமும் சொன்னேன். தெரியும் என்றாள், யூடியூபில் பார்த்திருக்கிறாளாம். எல்லாம் தெரிந்தே கேட்கும் பிள்ளையிடம் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

"ரயில் ஓட்டுற பொண்ண யாரு கட்டுவா" என்று சித்தப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் சுரேகா யாதவ். கராட் அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டு, 1980-களின் கடைசியில் ரயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று அவரைச் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத்தை ஓட்டி வந்தார். 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். திருமணமும் ஆனது, பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகளுக்கு நான் சொல்லும் அதே டிப்ளமோதான் அவர் படித்தது. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் பேசினால், பதினெட்டு வயதுப் பெண்ணின் படிப்பை இன்னும் வராத மாப்பிள்ளைக்காகத் தீர்மானிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கண் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ தேர்வு கைகூடாவிட்டாலோ டிப்ளமோ வீண்போகாது. ரயில்வேயிலேயே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு அதே டிப்ளமோ போதும், அடிப்படைச் சம்பளம் 35,400. அதில் சில பிரிவுகளுக்குப் பார்வை விதி இவ்வளவு கடுமையில்லை. பி.இ. வேண்டும் என்று அவளே பிறகு ஆசைப்பட்டால் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்தக் கவுன்சிலிங்கைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்துகிறது. அப்போது மாமனுக்கும் மனக்குறை இருக்காது.

சீட்டுக்கு முன்பணம் கேட்டு அந்தக் கல்லூரியிலிருந்து போன் வந்தால், "மகள் வேறு படிப்புக்குப் போகிறாள்" என்று ஒரே பேச்சாக முடித்துவிடுங்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இவற்றை இந்த வாரமே எடுத்து வையுங்கள். பாலிடெக்னிக் விண்ணப்பம் இணையத்தில்தான். அதை அவளே நிரப்பட்டும், பிரிவையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். சந்தேகம் வந்தால் அவளையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.