தொடக்கப்பள்ளியின் விழுமியங்கள், திட்டங்கள், முன்னேற்ற அறிக்கை: எதை வைத்துப் பள்ளியை எடை போடுவது?

முதல் வகுப்பில் சேர்க்க இரண்டு பள்ளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டின் கையேட்டிலும் விழுமியங்கள், சிறப்புத் திட்டங்கள், மாணவர் முன்னேற்றம் எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கையேட்டை ஓரமாக வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்வைக்கென்று மேசையில் எடுத்து வைத்திருப்பது வேண்டாம். அடுக்கின் நடுவிலிருந்து உருவிய நோட்டு ஒன்று, பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும்.

ஏன் நோட்டு? பதினாறு வருடமாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் நாலைந்து வருடம் நான் திருத்திய நோட்டுகளை இன்று யாராவது எடுத்து நீட்டினால் எனக்கே கூசும். அதில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல். 52 − 27 = 35 என்று ஒரு பையன் போட்டிருந்தான். அடுத்தது 64 − 38 = 34. அதற்கடுத்தது 71 − 46 = 35. ஆறு கணக்கு, ஆறும் தப்பு. ஆறு சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, கீழே "கவனமாகச் செய்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பக்கத்து வகுப்பு டீச்சர், என்னைவிட ரொம்ப மூத்தவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவனம் இல்லாதவனா இவன்? ஆறு கணக்குலயும் ஒரே சட்டத்தை மாறாம பிடிச்சிருக்கானே, பாரு." பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருந்தான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலையே இல்லை. அந்தச் சட்டம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? "சின்னதுலேர்ந்து பெரிசைக் கழிக்க முடியாது" என்று போன மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

மறுநாள் குச்சிகளோடு உட்கார்ந்தோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. இதிலிருந்து 27 எடுத்துக் கொடு என்றேன். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு இரண்டு உதிரியையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும். மிச்சமிருந்த மூன்று கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டீச்சர், கட்டைப் பிரிக்கலாமா?"

பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஆக, நோட்டில் நீங்கள் தேட வேண்டியது சரியான விடைகளை அல்ல. தப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை. வெறும் பெருக்கல் குறியோடு நின்றுவிட்டதா? பக்கத்தில் "எப்படிப் போட்டாய்?" என்று ஒரு கேள்வி இருக்கிறதா? அதே கணக்கைப் பிள்ளை கீழே மறுபடி போட்டிருக்கிறதா, அதை டீச்சர் மறுபடி பார்த்திருக்கிறாரா? அழித்த தடமே இல்லாமல் பளிச்சென்று இருக்கும் நோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அது பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. (ஒரு வகுப்பில் ஐம்பது நோட்டு திருத்துகிற டீச்சரிடம் பக்கத்துக்கு ஒரு கேள்வி எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கே வாரத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிய விஷயம்.)

விழுமியங்களுக்கும் இதே அளவுகோல்தான். சுவரில் "நேர்மை" என்று எழுதாத பள்ளியை நான் பார்த்ததில்லை. ஆனால் நேர்மை அங்கே எப்படி வளர்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதைப் பாராட்டுகிற விதத்தில் பார்க்கலாம். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டினார்கள், சிலரை "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்று. பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் சறுக்கினார்கள். கடைசியில், முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில் 38 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களில் 13 சதவீதம். யாரும் அவர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது வகுப்புக்குள் இரண்டு நிமிடம் நிற்க விடுவார்கள். டீச்சர் பக்கத்தில் வந்ததும் எத்தனை பிள்ளைகள் கையால் நோட்டை மூடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

திட்டங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரோபோட்டிக்ஸ், அபாகஸ், யோகா, சதுரங்கம் எதுவானாலும் வாரத்தில் எத்தனை நிமிடம், யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கூடவே, வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குத் தனிக் கவனம் எந்த நேரத்தில் தருகிறீர்கள் என்றும் கேளுங்கள். "விளையாட்டுப் பீரியடில்" என்று பதில் வந்தால் நான் அந்தப் பள்ளிக்கு யோசிப்பேன். வாசிக்க வராததற்குத் தண்டனை விளையாட்டு இல்லாமை என்றுதான் அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். எனக்குப் பிடித்த திட்டங்கள் செலவே இல்லாதவை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுவது அப்படி ஒன்று. ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் கூட்டித் துடைப்பதும் அப்படித்தான். பொறுப்பு என்ற விழுமியத்துக்குத் தனி வகுப்பு தேவைப்படுவதில்லை.

இனி முன்னேற்ற அறிக்கை. "தமிழ் வாசிப்பு: நன்று" என்று ஒரு அறிக்கை வரும். அதை வைத்து நீங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? "தனிச் சொற்களைச் சரளமாக வாசிக்கிறாள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வந்தால் குறில் நெடில் மாறுகிறது; 'கொடி'யைக் 'கோடி' என்கிறாள்" என்று வந்தால் அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஏதாவது செய்யலாம். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதித் தந்த குழுதான் தேறியது. குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துத் தந்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. பெற்றோரும் அப்படித்தானே? எண் கண்ணில் பட்டதும் மற்றதைப் படிப்பதில்லை. அதனால் பெற்றோர் கூட்டத்தில் எத்தனை மார்க் என்று கேட்காமல், "மூன்று மாதத்துக்கு முன்னால் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறாள்?" என்று கேளுங்கள். பிள்ளையைத் தெரிந்த டீச்சர் உடனே ஏதாவது சொல்வார்.

வீட்டிலும் சோதிக்கலாம். பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். விரல் ஒரு வரி தள்ளி இருக்கும். மனப்பாடம். பக்கத்தைக் கையால் மறைத்து நடுவில் ஒரே ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இந்தியக் கிராமங்களில் 2005 முதல் நடக்கும் அசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பு பிள்ளைகளின் வாசிப்பை அளப்பதும் ஒரே ஒரு தாளை வைத்துத்தான்: எழுத்துகள், சொற்கள், சின்னப் பத்தி, சின்னக் கதை. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அந்தப் பருவ அறிக்கையில் கணிதத்தில் அவனுக்கு 'சி' தான்; பரீட்சை முதலிலேயே முடிந்திருந்தது, மாற்ற வழியில்லை. குறிப்புக்கு விட்டிருந்த ஒரு வரியில் "கட்டைப் பிரிக்கக் கற்றுக்கொண்டான்" என்று எழுதினேன். அவன் அம்மா கையெழுத்துப் போட வந்தவர், "என்ன கட்டு டீச்சர்?" என்று குழப்பத்தோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அலமாரிக்கு ஓடிக் குச்சி டப்பாவை எடுத்துவந்து, "உக்காரும்மா, 27 கேளு" என்றான்.