பாசியை நம்பி மூச்சு விடலாமா?

விண்வெளிக் குடியிருப்புகளில் செடி, பாசி, நுண்ணுயிர்களைத் துணைக்கு வைத்து மனிதர் வாழ்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் செடிகளிலிருந்தா வருகிறது?

இல்லை. பெரும்பாலும் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் அங்கேயே விளைந்த சிவப்பு லெட்டூஸைச் சாப்பிட்டார்கள். ஆனால் அது ஒரு வாய் கீரைதான், முழுச் சாப்பாடு இல்லை.

ஒரு ஆளுக்கு எத்தனை செடி வேண்டும்?

செடிகளை எண்ணாதீர்கள், வெளிச்சம் படும் பரப்பைப் பாருங்கள். சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்கில் பயோஸ்-3 என்ற மூடிய கட்டமைப்பு உண்டு. மொத்தமே 315 கன மீட்டர். குளோரெல்லா பாசிக்குச் சுமார் 8 சதுர மீட்டர் வெளிச்சப் பரப்பு கொடுத்தால் ஒருவரின் மூச்சுக்குப் போதும் என்று அங்கே கண்டார்கள். 1972-73இல் மூன்று பேர் கொண்ட குழு உள்ளே ஆறு மாதம் ஓட்டியது. கோதுமையும் காய்கறியும் உள்ளேயே விளைந்தன, இறைச்சி வெளியிலிருந்து போனது.

அப்போ பாசியையே சாப்பிட்டுவிடலாமே?

கொஞ்சம் சாப்பிடலாம். பாசியில் நியூக்ளிக் அமிலம் அதிகம். அதையே முழு உணவாக்கினால் உடம்பில் யூரிக் அமிலம் ஏறும்.

பயோஸ்பியர் 2 ஏன் தோற்றது?

தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. அது அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டிய மூடிய கண்ணாடிக் கூடம்; 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 பக்கம் இறங்கிவிட்டது. மலை உச்சியில் இருப்பதுபோல மூச்சு வாங்கியது, தூக்கம் கெட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

காரணம் மண். பயிர் செழிக்கட்டும் என்று மக்கு நிறைந்த மண்ணைப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருந்தன. சரி, அவை விட்ட கார்பன் டை ஆக்சைடு எங்கே? அது அந்த அளவுக்கு ஏறவே இல்லை. கடைசியில் கட்டடத்தின் கான்கிரீட்டில் அகப்பட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர் காற்றுப்பட்டு இறுகுகிறதே, அதே வேதியியல்தான். இப்படி ஒரு கணக்கு பூமியில் கண்ணில் படாது. நமக்கு மேலே அவ்வளவு காற்று இருக்கிறது.

எடையில்லாத இடத்தில் செடிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

ஊற்ற முடியாது. தண்ணீர் கீழே வடியாமல் வேரைச் சுற்றிப் பந்தாக ஒட்டிக்கொள்ளும், வேர் மூச்சு முட்டிப்போகும். அதனால் திரி வழியாகக் கசியவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் நிலையத்தில் ஜினியா பூச்செடிகளுக்கு ஈரம் அதிகமாகி, இலை விளிம்பில் நீர் கோத்து, பூஞ்சணம் பிடித்தது. அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி பூஞ்சணம் பிடித்ததை வெட்டி, மின்விசிறியைக் கூட்டினார். அட்டவணைப்படி அல்லாமல் செடியைப் பார்த்துத் தண்ணீர் விட அனுமதியும் கேட்டு வாங்கினார். ஜனவரியில் பூத்தது. தோட்டக்காரர் இல்லாமல் தோட்டம் ஓடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

புழு சாப்பிட வேண்டிவரும் என்கிறார்களே?

2014இல் பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் 105 நாள் மூடிய கூடத்தில் இருந்தபோது மஞ்சள் மாவுப்புழு வளர்த்துச் சாப்பிட்டார்கள். ஆடு மாடு வளர்க்க அங்கே இடம் ஏது? நாம் தின்ன முடியாத தண்டும் இலையும் புழுவுக்குப் போய், புரதமாகத் தட்டுக்குத் திரும்பி வருகிறது.