பிளைவுட்டை மட்டும் எண்ணினால் போதுமா?

கேள்வி: இந்தியாவும் இலங்கையும் கடந்த முப்பது ஆண்டுகளில் செய்த பிளைவுட் இறக்குமதியை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மக்கள் தொகையோடு வைத்துப் பார்த்தால் இந்தியாவின் இறக்குமதி ரொம்பச் சொற்பம். நாம் பிளைவுட் வாங்குவதே இல்லையா ஐயா?
- பொருளியல் மாணவி, காரைக்குடி

பதில்: வாங்காமல் என்னம்மா! நீங்கள் பார்த்தது 4412 என்ற சுங்க எண்ணை மட்டும். அது ஒட்டி முடித்த பலகைக்கு உரியது. இந்தியா பிளைவுட்டை மரத்தடியாக வாங்கும். அது 4403இல் விழும். உரித்த ஏடாக, அதாவது வினீராக வாங்கினால் 4408. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து தடி இறக்கிய காலத்தில் எங்கள் பில்களில் பிளைவுட் என்ற சொல்லே இருக்காது. ஆனால் அந்தத் தடி போய்ச் சேர்ந்ததெல்லாம் பிளைவுட் ஆலைக்குத்தான். அங்கே லேத்தில் மாட்டி, பென்சில் சீவுவதுபோல உரித்துவிடுவார்கள்.

1996 டிசம்பர் 12 என்ற தேதியைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். கோதவர்மன் வழக்கு என்ற காட்டுப் பாதுகாப்பு வழக்கில், காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். அசாம், அருணாசல ஆலைகளுக்குக் காட்டு மரம் நின்றது. தொழில் ஹரியானாவின் யமுனாநகருக்கும் கேரளத்தின் பெரும்பாவூருக்கும் நகர்ந்தது. பலகையின் உள்ளே அடுக்கும் ஏட்டுக்கு உழவர் வளர்த்த பாப்லரும் தைலமரமும் ரப்பர் மரமும் கிடைத்தன. பலகையின் வெளிமுகத்தில் ஒட்டும் ஃபேஸ் வினீருக்கு மட்டும் வெளிநாட்டு மரம் வேண்டும். அதற்குப் பேர்போனது மியான்மரின் குர்ஜன் மரம். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்க நாடான காபோன் 2010இலேயே நிறுத்தியதால் அங்கிருந்து ஒக்கூமே மரம் ஏடாகத்தான் வரும். ஆகவே தடி இறக்குமதிக் கோடு சரிந்ததைப் பார்த்து, 'இந்தியா மரம் வாங்குவதைக் குறைத்தது' என்று எழுதிவிடாதீர்கள். வினீர்க் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இலங்கையின் கதை தேயிலைப் பெட்டியில் ஆரம்பிக்கிறது. பெட்டிப் பலகைக்காகவே கிந்தோட்டையில் அரசு ஆலை நடந்தது. பிறகு கொஸ்கமவில் பெரிய ஆலை எழுப்பி, 1972 முதல் 1977 வரை சிங்கராஜக் காட்டில் இயந்திரம் வைத்து வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து வெட்டு நின்றது. அதே காடு 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. என்னைக் கேட்டால், அந்த ஆலையை விடக் காடு தப்பியதே லாபம். தேயிலையும் பெட்டியை விட்டுக் காகிதச் சாக்குக்கு மாறிவிட்டது. இன்று அங்கே போவது பெரும்பாலும் முடித்த பலகை. அதனால் இலங்கைக்கு 4412 ஏறக்குறையப் போதும், இந்தியாவுக்குப் போதாது.

இலங்கைக் கணக்கை அந்த நாட்டு ரூபாயில் எடுக்காதீர்கள். 2022இல் சில வாரங்களிலேயே டாலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. குறைவான பலகை வந்தாலும் தொகை வீங்கித் தெரியும். இந்தியாவில் 2025இல் பிளைவுட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது. வரியில்லாமல் அனுப்பிவந்த நேபாள ஆலைகளுக்கும் அது பொருந்தும். அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தையவற்றையும் ஒரே கோட்டில் இழுக்க வேண்டாம்.

அளவைக் கன மீட்டரில் எடுங்கள். ஷீட் எண்ணிக்கை உதவாது: எட்டடிக்கு நாலடி என்றாலும் 4 மில்லிமீட்டரும் ஒரு ஷீட், 18 மில்லிமீட்டரும் ஒரு ஷீட்.