திருகோணமலையிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும்போது, ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் பங்குபற்றும் பிள்ளைகளின் பயிற்சி தடைப்படாமல் இருக்க என்ன செய்யலாம்?

உங்கள் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8 வயது என்றும், மகள் மாகாண மட்டப் போட்டி வரை சென்றவள் என்றும், இன்னும் மூன்று மாதங்களில் ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ அதே வயதுப் பிள்ளைகளோடு 2023 தை மாதம் ரொறன்ரோவுக்குப் போனவர்கள். அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பவற்றை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று: அங்கே உங்கள் மகளை, நீங்கள் எதிர்பார்ப்பதை விடக் கீழான மட்டத்தில்தான் சேர்ப்பார்கள். அதை எதிர்த்து வாதாடாதீர்கள். நான் வாதாடினேன், அதன் பலனை என் மகளின் மணிக்கட்டு அனுபவித்தது.

ஏன் கீழே சேர்க்கிறார்கள் என்பதைச் சொல்ல, எங்கள் பிள்ளைகள் இங்கே எப்படிப் பழகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாடசாலை மண்டபம், ஆறு தும்பு மெத்தைகள், ஓடி வந்து கை ஊன்றித் தாண்டுவதற்கு மூலைகள் தேய்ந்த ஒரு வோல்ட் பெட்டி, அவ்வளவுதான். ஏறி நின்று சமநிலையோடு ஆடும் ஒடுங்கிய கட்டையான பீம் இருக்கவில்லை. விளையாட்டு ஆசிரியை ஒரு தச்சரிடம் அளவு கொடுத்து முதிரை மரத்தில் ஒன்றைச் செய்வித்தார். போட்டிக்குரிய பீம் 10 சென்ரிமீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. தரையிலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். எங்கள் பீமில் அகலம் மட்டும் பிசகாமல் 10 சென்ரிமீற்றராக இருந்தது. நீளம் மூன்றரை மீற்றர், உயரம் ஒரு முழம். சிராய் குத்தாமல் இருக்க ஆசிரியை தன்னுடைய பழைய பருத்திச் சேலையை மடித்து, இழுத்துச் சுற்றித் தைத்திருந்தார். மாரி தொடங்கினால் மண்டபக் கூரை ஒழுகும். பிள்ளைகளே அந்தப் பீமைத் தூக்கி நனையாத மூலைக்குக் கொண்டு போவார்கள். மழை விட்ட மாதங்களில் ஓட்டமும் பாய்ச்சலும் டச்சுக் குடா மணலில் நடந்தன. அந்த மணல் கொடுத்த கால் வலுவை ரொறன்ரோவில் முதல் நாளே பயிற்றுநர் கண்டுகொண்டார் என்பதை நான் பெருமையோடு சொல்லிக் கொள்கிறேன்.

ஆனால், பெண் பிள்ளைகளுக்குக் கருவிகள் நான்கு: வோல்ட், உயரம் வேறுபட்ட இரட்டைப் பார், பீம், தரை விரிப்பில் ஆடும் புளோர். இவற்றில் இரட்டைப் பாரை என் மகள் அதுவரை தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தாள். மேல் பார் 250 சென்ரிமீற்றர், கீழ்ப் பார் 170 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கே 1 முதல் 10 வரை மட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். ஒரு மட்டத்தில் போட்டியிடும் பிள்ளை நான்கு கருவிகளையும் அதே மட்டத்தில் செய்து காட்ட வேண்டும். ஆகவே பிள்ளையின் மட்டத்தைத் தீர்மானிப்பது அவள் மிகக் குறைவாகப் பழகிய கருவிதான். பாரில் தொங்கி, ஊஞ்சல் போல் ஆடி, கால்களைப் பாருக்குக் கொண்டு வந்து, ஒரே வீச்சில் இடுப்பு பார் மட்டத்துக்கு வரும்படி கைகளை ஊன்றி எழும்பும் ‘கிப்’ என்ற அசைவு இல்லாமல் பாரில் அடுத்த படிக்குப் போகவே முடியாது. புளோரில் கைகளை ஊன்றிப் பின்னோக்கிப் பாய்ந்த என் மகள், தன்னை விட இரண்டு மூன்று வயது இளைய சிறுமிகள் சிரித்துக் கதைத்தபடி கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவளுடைய உள்ளங்கைகள் கிழிந்தன. பார் பழகாத கையில் விரல்களின் அடியில் தோல் கொப்புளித்து உரியும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். ஒரு நாள் இரவு சோறும் மீன் குழம்பும் வைத்தேன். பிசையக் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உப்பும் புளியும் கிழிந்த தோலில் பட்டிருக்கிறது. நான் ஊட்டிவிட வந்தபோது வேண்டாமென்று தலையாட்டி விட்டு, கரண்டி கேட்டாள். பத்து வயது வரை எங்கள் வீட்டில் சோற்றுக்குக் கரண்டி எடுத்தவள் அல்லள். அந்த இரவில்தான், இவளை நாட்டை விட்டு மட்டும் கூட்டி வரவில்லை, அவள் நன்றாகச் செய்த ஒன்றிலிருந்தும் பிரித்துக் கொண்டு வந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அந்த வேதனையை நான் தவறான வழியில் தீர்க்கப் பார்த்தேன். அந்த ஆண்டின் இறுதியில் கிப் வந்துவிட்டது. உடனே நான் பயிற்றுநரிடம் போய், இவள் இலங்கையில் மாகாண மட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றவள், வயதுக்கேற்ற குழுவில் போடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்கள். வாரத்திற்கு ஒன்பது மணி நேரமாக இருந்த பயிற்சி பதினைந்து ஆயிற்று. இரண்டு மாதத்தில் அவளால் கதவுக் குமிழைத் திருப்ப முடியவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு ஆரை எலும்பின் மணிக்கட்டு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் இடம், முற்றிய எலும்பை விட மென்மையானது என்றும், ஜிம்னாஸ்டிக்ஸில் கை உடலின் பாரத்தைத் தாங்கும் காலாக மாறிவிடுவதால், பயிற்சி நேரம் திடீரென்று கூடும்போது அந்த இடம்தான் முதலில் நோகும் என்றும் வைத்தியர் விளக்கினார். ஆறு வாரங்கள் கையை ஊன்றக் கூடாது என்றார். அந்த ஆறு வாரமும் அவள் மண்டபத்திற்குப் போய், கால் பயிற்சி மட்டும் செய்துவிட்டு வந்தாள். பிறகு பழைய குழுவிலேயே மறுபடியும் சேர்ந்தாள். அங்கே அவளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள்.

உங்கள் மகள் இன்னும் பதினொரு வயதுதான். சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் மூத்தோர் பிரிவில் சேர, அந்த ஆண்டில் 16 வயது நிறைய வேண்டும். ஆண்களுக்கு அது 18. ஒரு பருவம் கீழ் மட்டத்தில் இருப்பதால் எந்தக் கதவும் மூடப்படாது.

புறப்படும் காலத்தைப் பற்றி. ஒன்ராறியோவில் போட்டிகள் பெரும்பாலும் தை முதல் வைகாசி வரை நடக்கும். அடுத்த பருவத்துக்கான குழுக்களை இளவேனிலின் கடைசியிலேயே தெரிவு செய்துவிட்டு, கோடை முழுவதும் பயிற்சி கொடுப்பார்கள். நாங்கள் தை மாதம், எல்லாக் குழுக்களும் நிரம்பிப் போட்டிகள் தொடங்கிய வேளையில் போய் நின்றோம். ஐந்து மாதம் பொழுதுபோக்கு வகுப்பில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பயண நாளை மாற்ற முடியாவிட்டால் காத்திருப்பைப் பற்றி மகளிடம் இங்கேயே சொல்லி வையுங்கள். கட்டணம் கேட்கும்போது மாதத் தொகையோடு நின்றுவிடாமல், போட்டிக் கட்டணம், போட்டி உடை, சங்கப் பதிவு, வெளியூர்ப் போட்டிகளுக்கான செலவு ஆகிய யாவற்றையும் ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கழகத்தைத் தெரிவு செய்யும்போது பதக்கங்களைப் பார்ப்பதற்கு முன், பெற்றோர் இருந்து பார்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமைகளுக்காக 2018இல் தண்டிக்கப்பட்டதும், பிரித்தானியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதை ஆராய்ந்த வைட் மீளாய்வு 2022இல் வெளிவந்ததும், அதே ஆண்டு கனடாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் தாங்கள் பட்ட துன்புறுத்தல்களைத் திறந்த மடலாக எழுதியதும் நாம் தெரிந்திருக்க வேண்டியவை. புதிதாகப் போன நாம், பயிற்றுநர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாய்மூடி இருந்துவிடுகிறோம். மகளின் எடையைப் பற்றி ஒருவர் பிள்ளைகளின் முன்னே பேசினால், நோவிருக்கும்போது செய்யச் சொன்னால், உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் எழுந்து போய்ப் பேசுங்கள்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண் பிள்ளைகளுக்குக் கருவிகள் ஆறு; அவர்களைப் பழக்கும் கழகங்கள் குறைவு. எங்களுக்குக் கிடைத்த கழகம் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரக் கார் ஓட்டத்தில் இருந்தது. மகன் ஓராண்டில் விட்டுவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டான். எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு, அவனுக்கு இல்லை.

குடியுரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கழகப் போட்டிகளில் பங்குபற்ற அது தேவைப்படவில்லை. நாட்டின் அணியில் இடம்பெறத்தான் தேவை. ஆனால் மகள் ஏற்கெனவே இலங்கைக்காகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியிருந்தால், வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்குவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது ஒலிம்பிக் சாசனத்தின் விதி. வெளிநாட்டில் பழகிக்கொண்டே இலங்கைக்காக ஆடுவதும் நடக்கக்கூடியதே: ரோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக இறங்கிய மில்கா கெஹானி ஜப்பானில் பயிற்சி பெற்றவர்.

இந்த மூன்று மாதங்களில் செய்யக்கூடியவை சில உண்டு. அவள் செய்யும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நின்று, முழு உடலும் தெரியும்படி காணொளி எடுத்துக் கழகங்களுக்கு இப்போதே அனுப்புங்கள்; முன்னால் நின்று எடுத்தால் முதுகும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. எங்காவது ஓர் உறுதியான இரும்புக் குழாய் இருந்தால், தினமும் அதில் தொங்கிக் காலை உயர்த்திப் பழகட்டும். கை இறுகும், வயிறும் வலுக்கும். அவளுடைய ஆசிரியையிடம், இவளுக்கு எது பயம், எதைச் செய்யும்போது எப்படிப் பேசினால் இவள் கேட்பாள் என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் ஆசிரியை தானாகவே அப்படி ஒன்றை எழுதி, பயணத்துக்கு முதல் நாள் கையில் தந்தார். “பீமில் ஏறும் முன் இவள் காலால் இரண்டு தரம் தட்டுவாள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம்” என்பது அதில் முதல் வரி. நான் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்; யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 2025 ஆவணியில் ஊருக்கு வந்தபோது அதே மண்டபத்தில், நூல் தளர்ந்து தொங்கிய சேலைத் துணியின் மேல் அவள் ஏறினாள். ஏறும் முன் இரண்டு தரம் தட்டினாள்.