வேர்ட் கோப்பு திறக்கவில்லை: எழுத்தை மட்டுமாவது மீட்க முடியுமா?

ஆய்வேட்டின் வேர்ட் கோப்பு சேதமடைந்துவிட்டதாகச் சொல்லித் திறக்க மறுக்கிறது, வடிவமைப்பு போனாலும் போகட்டும், எழுத்தாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கிடைக்கும். நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். சோதனைகள் எல்லாம் நகலில் மட்டும்தான். பதற்றத்தில் மூலக்கோப்பின் மேலேயே சேமித்து, இருந்ததையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகலை நோட்பேடில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். வேர்ட் 2007 முதல் வழக்கத்துக்கு வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. அந்த எழுத்துகள் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள். கோப்பு முழுவதும் வெறுமையாக இருந்தால் எந்த மீட்பு மென்பொருளுக்கும் பணம் கட்டாதீர்கள், உள்ளே மீட்க எதுவும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி, வேர்ட் தானாகச் சேமிக்கும் ஏஎஸ்டி கோப்பு ஆகியவற்றைத் தேடுங்கள்.

எளிய வழிகள் இரண்டு: வேர்டின் ‘ஓபன்’ பொத்தானை ஒட்டிய அம்புக்குறியில் உள்ள ‘ஓபன் அண்ட் ரிப்பேர்’, அல்லது லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறப்பது. இரண்டும் கைவிட்டால் கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி, ஜிப் பொட்டலங்களைப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் திறந்து பாருங்கள். ஜிப் தன் உள்ளடக்கப் பட்டியலைக் கோப்பின் கடைசியில் வைக்கிறது. நகலெடுக்கும்போது பாதியில் அறுந்த கோப்பில் அந்தப் பட்டியல் இருக்காது. ஆனால் முன்னால் உள்ள பகுதிகள் அப்படியே இருக்கக்கூடும்.

உள்ளே ‘வேர்ட்’ என்ற கோப்புறையில் ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அடிக்குறிப்புகள் போன்றவை தவிர உங்கள் முதன்மை எழுத்து முழுவதும் அதில்தான். எக்ஸ்எம்எல் என்பது எழுத்தின் இடையிடையே கோண அடைப்புக்குள் குறிகளை இட்டு எழுதும் முறை. அதன் விதிப்படி ஒரே ஒரு குறி சரியாக மூடப்படாவிட்டாலும் ஆவணம் செல்லாது. அதனால்தான் முந்நூறு பக்கமும் நலமாக இருக்க, ஒரு சமன்பாட்டின் குறி பிசகியதற்காக வேர்ட் மொத்தத்தையும் நிராகரிக்கிறது. வேர்ட் காட்டும் பிழைச் செய்தியில் வரி எண் இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

பிழை பிடிபடவில்லையா? தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்க, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் அந்த ‘டாக்குமென்ட்’ கோப்பைத் திறந்து, பத்தியை மூடும் குறி வரும் இடங்களில் எல்லாம் முதலில் புதிய வரி இடுங்கள். அதன் பிறகே கோண அடைப்புக்குள் இருப்பவற்றை நீக்குங்கள். வரிசை மாறினால் ஆய்வேடு முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். ஒரே சொல்லைக்கூட வேர்ட் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். குறிகளின் இடத்தில் இடைவெளி விடாமல் நீக்கினால் அவை தாமாகச் சேர்ந்துவிடும்.

ஆய்வேடு என்பதால் அடிக்குறிப்புகளை மறந்துவிடாதீர்கள். அவை அதே கோப்புறையில் ‘ஃபுட்நோட்ஸ்’ என்ற தனிக் கோப்பில் இருக்கும். படங்கள் ‘மீடியா’ கோப்புறையில். அவற்றை அப்படியே இழுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம்.