சுவரில் மாட்டிய சான்றிதழ் போதுமா?

கேள்வி: என் தாயாருக்கு வீட்டுக்கே வந்து எடுத்த ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைவாகவும், மறுநாள் வேறோர் ஆய்வகத்தில் மிக அதிகமாகவும் காட்டியது. இரண்டு இடங்களிலும் அரசுப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே இயங்கும் ஆய்வகங்களை யார் கண்காணிக்கிறார்கள்? எதை நம்புவது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகளும் ஆய்வகங்களும் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படியும் 2018-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படியும் பதிவு பெற வேண்டும், மாவட்ட அளவில் இதைக் கவனிப்பவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். இடவசதி, பணியாளர்களின் தகுதி, கருவிகள், மருத்துவக் கழிவு அகற்றும் முறை ஆகியவை ஆய்வில் பார்க்கப்படுகின்றன. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தனியாக வேண்டும். இவை அனைத்தும் அவசியமானவை. ஆனால் உங்கள் தாயாரின் ரத்தத்தை அளந்த நாளில் அந்தக் கருவி சரியாக அளந்ததா என்பதை எந்தப் பதிவுச் சான்றிதழும் சொல்லாது.

அதைச் சொல்வது ஆய்வகத்தின் அன்றாடத் தரக் கட்டுப்பாடுதான். அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியைக் கருவியில் ஓட்டி, முடிவு ஏற்கத்தக்க எல்லைக்குள் வந்த பிறகே நோயாளிகளின் மாதிரிகளைத் தொட வேண்டும். இதோடு, வெளியிலிருந்து வரும் மாதிரிகளைப் பரிசோதித்து, மற்ற ஆய்வகங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளும் திட்டமும் உண்டு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படியொரு திட்டத்தை நாடு முழுவதற்கும் நடத்துகிறது. உங்கள் ஆய்வகம் இவற்றைச் செய்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒழுங்காக நடக்கும் ஆய்வகம் அந்தக் கேள்வியால் சங்கடப்படாது.

ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம், மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189-இன்படி இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகே வழங்கப்படுகிறது. ஆனால் அது கட்டாயமன்று. தவிர, ஆய்வகம் செய்யும் எல்லாப் பரிசோதனைகளுக்கும் அது பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு அங்கீகாரம் உள்ளது என்ற பட்டியலை அந்த வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கருவியையன்று, ரத்தம் பயணம் செய்த நேரத்தை. எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து உட்கொள்வதால், அறை வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறைந்துகொண்டே போகும். இப்படிக் குறைவதைத் தடுப்பதற்கான ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுத்தாலும் முதல் ஓரிரு மணி நேரத்துக்கு இந்தக் குறைவு முழுவதுமாக நிற்பதில்லை. மறுநாள் எடுத்த ரத்தம் என்பதால் உடலிலேயே ஓரளவு மாற்றம் இருந்திருக்கலாம் என்றாலும், இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு அது மட்டும் காரணமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே அறிக்கையில் ரத்தம் எடுத்த நேரமும் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டி, ஆய்வகத்துக்கே நேரில் சென்று மீண்டும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். ஆய்வகம் சரியான விளக்கம் தர மறுத்தால், இரு அறிக்கைகளின் நகல்களையும் இணைத்து இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.